அண்டைச் செல்லைக் கண்டறிந்து நகரும் பிளாஸ்மிட்: பட்டாணி ரைசோபியத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

1978ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஆண்ட்ரூ ஜான்ஸ்டன், பென்னி ஹிர்ஷ், ஜான் பெரிங்கர் உள்ளிட்ட குழுவினர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். பட்டாணி வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவிலிருந்து ஒரு பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனி வளையமாக நிற்கும் டிஎன்ஏ), தீவனப் பயறான குளோவரின் வேரில் வாழும் பாக்டீரியாவுக்கும் பீன்ஸ் வேரில் வாழும் பாக்டீரியாவுக்கும் இடம்பெயர்ந்தது. அதைப் பெற்றுக்கொண்ட செல்கள் அதுவரை தமக்கு உறவே இல்லாத பட்டாணியின் வேரில் முடிச்சு உண்டாக்கின. பிஆர்எல்1ஜேஐ என்று பெயரிடப்பட்ட அந்தப் பிளாஸ்மிட்டே இந்த ஆய்வின் பொருள். அது எப்படி நகர்கிறது என்பதைவிட, எப்போது நகர்வதென்று எவ்வாறு தீர்மானமாகிறது என்பதற்கே இங்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். இந்தப் பிளாஸ்மிட்டைப் பற்றிய அறிவு முழுமை பெறக் கால் நூற்றாண்டு ஆனது. அந்தக் கால் நூற்றாண்டின் முடிவில் கிடைத்த விடை, மண்ணில் நடக்கும் மரபணுப் பரிமாற்றத்தை நாம் அளக்கும் முறையையே மாற்ற வேண்டியது என்று நான் கருதுகிறேன்.

முதலில் பின்னணி. பயறுவகைச் செடிகளின் வேரில் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தரும் பாக்டீரியாக்களைப் பொதுவாக ரைசோபியம் என்கிறோம். வேரோடு பேச்சுத் தொடங்கி முடிச்சு அமையச் செய்யும் மரபணுக்களும், நைட்ரஜனை நிலைப்படுத்தும் நொதிக்குரிய மரபணுக்களும் பல ரைசோபிய இனங்களில் குரோமோசோமில் இருப்பதில்லை. தனி வளையமாக நிற்கும் பெரிய பிளாஸ்மிட்டில் திரண்டிருக்கின்றன. பட்டாணி ரைசோபியத்தின் 3841 என்ற திரிபில் (இனத்துக்குள் ஒரு வகையில்) ஆறு பிளாஸ்மிட்டுகள் உள்ளன. 2006இல் அதன் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, மொத்தமிருந்த சுமார் 77.5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளில் ஏறத்தாழ 50 லட்சமே குரோமோசோமைச் சேர்ந்தவை, மீதி முழுவதும் பிளாஸ்மிட்டுகள் என்று தெரிந்தது. ஓர் உயிரின் உடைமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் பிளாஸ்மிட் வடிவில் இருக்கும்போது, அதில் எது அந்தச் செல்லோடு நிலைத்திருக்கும், எது அடுத்த செல்லுக்குப் போகும் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

பிளாஸ்மிட் இடம்பெயரும் முறை பாக்டீரியாக்களிடையே பொதுவானது. கொடுக்கும் செல்லில் பிளாஸ்மிட்டின் குறிப்பிட்ட ஓரிடத்தை ஒரு நொதி வெட்டி, இரட்டை இழையில் ஒன்றைப் பிரித்தெடுக்கிறது. இரு செல்களும் ஒட்டி நிற்கும் இடத்தில், பல புரதங்கள் சேர்ந்தமைத்த ஒரு குழாய்வழியாக அந்த ஒற்றை இழை பெறும் செல்லுக்குள் செல்கிறது. அங்கும் இங்கும் எதிரிழை உருவாக்கப்பட, இறுதியில் இரு செல்களிடமும் முழுப் பிளாஸ்மிட் இருக்கிறது. கொடுத்தவர் எதையும் இழப்பதில்லை. ஆனால் குழாயை அமைப்பதற்கு ஒரு டஜன் புரதங்கள் வரை தேவை, அவற்றை ஓயாமல் தயாரித்துக்கொண்டிருப்பது வீண் செலவு. பெறுவதற்குத் தகுதியான செல் அருகில் இல்லாதபோது இயந்திரத்தை நிறுத்திவைப்பதும், இருக்கும்போது ஓட்டுவதும் பிளாஸ்மிட்டின் பிழைப்புக்கு அவசியம்.

நார்விச் குழு கையாண்ட வழி எளிமையானது, ஆனால் அன்றைக்குப் புதியது. முடிச்சு உண்டாக்கும் திறன் எந்தச் செல்லுக்குப் போயிற்று என்பதை ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது; ஒவ்வொரு செல் கூட்டத்தையும் ஒவ்வொரு செடியில் இட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே அவர்கள் கனமைசின், நியோமைசின் ஆகிய மருந்துகளைத் தாங்கும் மரபணுவைச் சுமந்து தாவும் டிஎன்5 என்ற டிஎன்ஏ துண்டைப் பிளாஸ்மிட்டில் பதியச் செய்தனர். இந்தத் துண்டை ரைசோபியத்துக்குள் கொண்டுசெல்லும் முறையையும் அதே ஆண்டில் அதே ஆய்வகமே உருவாக்கியிருந்தது. இனி மருந்து கலந்த தட்டில் வளரும் செல்லே பிளாஸ்மிட்டைப் பெற்ற செல். அப்படி வளர்ந்தவற்றை எடுத்துச் செடியில் இட்டபோது, முடிச்சு உண்டாக்கும் திறனை முன்பு இழந்திருந்த ஒரு பட்டாணித் திரிபுக்கு அத்திறன் திரும்பியது. குளோவர், பீன்ஸ் திரிபுகளுக்கோ அது புதிதாக வந்தது. பரிமாற்றம் நூறு செல்லுக்கு ஒன்று என்ற அளவை எட்டியது. லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என்ற எண்களுக்குப் பழகிய துறையில் இது மிகப் பெரிய எண்.

விளைவு வகைப்பாட்டிலும் எதிரொலித்தது. பட்டாணிக்கு ஓர் இனம், குளோவருக்கு ஓர் இனம், பீன்ஸுக்கு ஓர் இனம் என்று எந்தச் செடியில் முடிச்சிடுகிறது என்பதை வைத்தே ரைசோபியங்களுக்குப் பெயரிட்டிருந்தார்கள். நகரக்கூடிய ஒரு பிளாஸ்மிட்டை வைத்து இனத்தைப் பெயரிட்டது தவறு என்பது வெளிப்படையானதும், 1984இல் அம்மூன்றும் ரைசோபியம் லெகுமினோசாரம் என்ற ஒரே இனத்தின் உயிரி வகைகளாக இணைக்கப்பட்டன.

இனி இந்த நிகழ்வின் மையத்துக்கு வருகிறேன். பட்டாணி ரைசோபியங்கள் தம் இனத்தாரின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன என்பதும், அவை பரவும் தன்மையை வைத்துச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன என்பதும் எழுபதுகளிலேயே தெரியும். நடுத்தர வகையைச் சுரக்கும் திறன் பிஆர்எல்1ஜேஐ போன்ற, தாமே நகரும் பிளாஸ்மிட்டுகளோடு சேர்ந்தே பயணிப்பதை ஹிர்ஷ் 1979இல் காட்டினார். அத்துடன் வேறொன்றும் கவனத்துக்கு வந்தது. இந்தப் பிளாஸ்மிட் ஒரு செல்லுக்குள் வந்ததும், அந்தச் செல் சிறிய வகைப் பொருளைச் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. 1983இல் நெதர்லாந்து ஆய்வாளர்களும் நகரும் பிளாஸ்மிட்டுகளின் இந்தத் தன்மையை உறுதிசெய்தனர். மூன்றாவதாக, பிளாஸ்மிட்டைச் சுமக்கும் செல்களின் வளர்ச்சிதான் அந்தச் சிறிய பொருளால் தடைபடுகிறது. ஆக, ஒரு பிளாஸ்மிட் தானே நகர்கிறது, தன் இருப்பிடத்தில் ஒரு பொருளின் உற்பத்தியை அடக்குகிறது, அதே பொருள் வெளியிலிருந்து வந்தால் அதன் தாக்கத்துக்கு உள்ளாகிறது. இந்த மூன்றையும் பிணைக்கும் கயிறு அப்போது யார் கையிலும் இல்லை. ஒரு செல் தன்னைத் தாக்கும் நச்சைத் தான் தயாரிக்காமல் இருப்பது தற்காப்பு என்று சொல்லிவிடலாம். நகர்வதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதற்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

1996இல் சிறிய பொருளின் வேதியியல் அமைப்பு தெளிவானபோது புதிரின் முதற்பகுதி விடுபட்டது. அது நச்சே அல்ல. பதினான்கு கார்பன் நீளமுள்ள கொழுப்பமில வாலும் ஒரு ஹோமோசெரின் லாக்டோன் தலையும் கொண்ட சமிக்ஞைப் பொருள். தம்மைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பாக்டீரியாக்கள் அறிந்துகொள்ளப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு செல்லும் சிறிதளவு கசியவிடுகிறது. செல்கள் நெருங்கிப் பெருகும்போது பொருளின் செறிவு ஏறுகிறது. ஒரு வரம்பைத் தாண்டியதும் எல்லாச் செல்களிலும் குறிப்பிட்ட மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இதைக் கூட்டமறிதல் என்போம். பட்டாணி ரைசோபியத்தில் இந்தப் பொருளைத் தயாரிக்கும் மரபணு சின்-ஐ, அது குரோமோசோமில் உள்ளது; ஆகவே பிளாஸ்மிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு செல்லிடமும் அது உண்டு.

முழு விடை 2003இல் வந்தது. நார்விச்சிலேயே ஆலன் டவுனியின் ஆய்வகம், பிஆர்எல்1ஜேஐயில் குழாய்ப் புரதங்களுக்கான மரபணு வரிசையின் பக்கத்தில் இரண்டு ஒழுங்குமுறை மரபணுக்கள் இருப்பதைக் கண்டது. ஒன்று பிஸ்-ஆர், மற்றது ட்ரா-ஆர். இவற்றில் பிஸ்-ஆர் என்பதே இந்த நிகழ்வின் திறவுகோல், ஏனென்றால் அது இரு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, தான் வாழும் செல்லின் குரோமோசோமிலுள்ள சின்-ஐ மரபணுவை அது அடக்குகிறது. எனவே பிளாஸ்மிட்டைச் சுமக்கும் செல் அந்தப் பதினான்கு கார்பன் சமிக்ஞையை மிக மிகக் குறைவாகவே வெளியிடுகிறது. இரண்டாவது, அதே சமிக்ஞை வெளியிலிருந்து வந்து பிஸ்-ஆர் புரதத்தோடு சேர்ந்தால், அது ட்ரா-ஆர் மரபணுவைத் தூண்டுகிறது. தூண்டுதலுக்குத் தேவைப்படும் செறிவு சுமார் 1 நானோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு) மட்டுமே.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் செல்லிடம் சமிக்ஞையை வாயடைத்துவிட்ட பிறகு, செல்லுக்குள் அந்தச் சமிக்ஞை தென்பட்டால் அது வேறொருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். பிளாஸ்மிட்டைச் சுமக்கும் சகோதரச் செல்களும் வாயடைக்கப்பட்டவையே என்பதால், அந்த வேறொருவர் பிளாஸ்மிட் இல்லாத ஒருவராகத்தான் இருக்க முடியும். அதே வேளை சின்-ஐ உள்ள செல் என்பதால் நெருங்கிய உறவினராகவும் இருக்கும். அதாவது, பிளாஸ்மிட் போய்க் குடியேறித் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தக்க இடம். தன்னை உடையவர்களின் குரலை முதலில் அடக்கி, எஞ்சிய குரலைக் கேட்பதன் மூலம் தான் இல்லாதவர்களைக் கண்டுகொள்ளும் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. முன்னர் தனித்தனியாக நின்ற மூன்று அவதானிப்புகளும் ஒன்றுக்கொன்று தேவையானவை என்பது இதில் வெளிப்படுகிறது. உற்பத்தியை அடக்கியதால்தான் கேட்க முடிகிறது, கேட்பதால்தான் சரியான நேரத்தில் நகர முடிகிறது.

தொடர் நிகழ்வுகள் படிப்படியானவை. ட்ரா-ஆர் உருவானதும் அது ட்ரா-ஐ என்ற மரபணுவையும், அதற்கு அடுத்து வரிசையாக நிற்கும் குழாய்ப் புரத மரபணுக்களையும் இயக்கத் தொடங்குகிறது. ட்ரா-ஐ தன் பங்குக்கு எட்டு கார்பன் வாலுள்ள இரண்டு சமிக்ஞைகளைத் தயாரிக்கிறது. அவை ட்ரா-ஆர் புரதத்தை மேலும் வலுப்படுத்துகின்றன. ஆக ஒருமுறை தொடங்கிய இயக்கம் தன்னைத்தானே ஊக்கி உச்சத்துக்குப் போகிறது. தவறுதலாக இது தொடங்கிவிடாதபடி ட்ரா-எம் என்ற மூன்றாவது புரதம் காவலிருக்கிறது. சிறிதளவு ட்ரா-ஆர் கசிந்து உருவானால் அதைப் பிடித்துச் செயலிழக்க வைப்பது அதன் வேலை என்று கருதப்படுகிறது. வெளியிலிருந்து உண்மையான தூண்டுதல் வந்து ட்ரா-ஆர் பெருகும்போது மட்டுமே காவலை மீறிய அளவு எஞ்சுகிறது.

இதன் தனித்தன்மையை உணர அதன் உறவினரைப் பார்க்க வேண்டும். செடிகளில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தின் டிஐ பிளாஸ்மிட்டிலும் ட்ரா-ஆர், ட்ரா-ஐ, ட்ரா-எம் ஆகிய மூன்றும், ஏறத்தாழ ஒரே மாதிரியான குழாய் மரபணுக்களும் உள்ளன. ஆனால் அங்கே ட்ரா-ஆர் மரபணுவை எழுப்புவது கழலையில் செடி தயாரிக்கும் ஓபைன் என்ற உணவுப்பொருள். அதன்பின் பிளாஸ்மிட் உடைய செல்கள் தமக்குள் எண்ணிக்கையைப் பார்த்து நகர்வைத் தொடங்குகின்றன. அதாவது, உணவு இருக்கிறதா, நாம் போதுமான பேர் இருக்கிறோமா என்பதே அங்கு கேள்வி. பட்டாணி ரைசோபியத்தில் அதே கருவிகளுக்கு மேல் பிஸ்-ஆர் அமர்ந்து, கேள்வியைப் பெறுபவர் பக்கம் திருப்பிவிட்டது.

மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் ஆராயப்பட்ட, பீன்ஸ் வேரில் வாழும் ரைசோபியம் எட்லி சிஎஃப்என்42 என்ற திரிபோ வேறொரு வழியைக் காட்டுகிறது. முடிச்சு மரபணுக்கள் உள்ள அதன் பிளாஸ்மிட், சுமார் 3,71,000 எழுத்து நீளமுடையது, தன் நகர்வு மரபணுக்களைத் தானே ஒரு தடைப்புரதத்தால் மௌனமாக்கி வைத்திருக்கிறது. ஆய்வகச் சூழலில் அது பெயர்வது, அதே செல்லில் உள்ள, தானே நகரும் இன்னொரு சிறிய பிளாஸ்மிட்டோடு இணைந்து ஒற்றை வளையமாகும்போதுதான். எனவே ஒரு திரிபில் கண்டதை அப்படியே ரைசோபியங்கள் அனைத்துக்கும் விரிப்பது பொருந்தாது. 3841 திரிபிலுள்ள முடிச்சுப் பிளாஸ்மிட்டே தானாக நகராதது.

இவையெல்லாம் தட்டிலும் குடுவையிலும் கண்டவை. மண்ணில் என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கு இதே பிளாஸ்மிட்டைக் கொண்டே நேரடியான பதில் தேடப்பட்டது என்பது இந்நிகழ்வின் அரிய சிறப்பு. 1987இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், டிஎன்5 பதிந்த பிஆர்எல்1ஜேஐயைச் சுமக்கும் ஒரு பட்டாணி ரைசோபியம் திறந்த வயலில் இடப்பட்டது. மரபணு மாற்றிய பாக்டீரியாக்கள் வயலில் விடப்பட்ட ஆரம்பகால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. பிளாஸ்மிட் நார்விச்சில் ஆராயப்பட்டபோது உடனிருந்த பென்னி ஹிர்ஷே வயல் ஆய்வையும் நடத்தினார். இடப்பட்ட செல்கள் ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணில் வாழ்ந்தன. அங்கேயே இருந்த உள்ளூர் ரைசோபியங்களில் எதுவாவது மருந்துத் தாங்கும் அடையாளத்தைப் பெற்றிருக்கிறதா என்று பலமுறை தேடப்பட்டது. பரிமாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை. ஆய்வகத்தில் அதே உள்ளூர்த் திரிபுகளுக்குப் பிளாஸ்மிட் போகக்கூடியதாகவே இருந்தது.

நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தட்டில் நகர்ந்த ஒன்று வயலில் தென்படவே இல்லை என்ற இந்த இடைவெளியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். 2003ஆம் ஆண்டு விளக்கத்தின் துணையோடு இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பது என் கணிப்பு. தட்டில் கொடுப்பவரும் பெறுபவரும் கோடிக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றனர். பெறுபவரின் சமிக்ஞை 1 நானோமோலாரை எளிதில் தாண்டிவிடுகிறது, குழாய் அமையச் செல்களின் தொடுகையும் தயாராக இருக்கிறது. மண்ணிலோ ஒரு கிராமுக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் ரைசோபியங்கள் நுண்துளைகளில் சிதறிக் கிடக்கின்றன. சமிக்ஞை எட்டினாலும் உடல் எட்டாது. வேரின் மேற்பரப்பில் மட்டுமே அவை நெருங்கிச் சேர்கின்றன, அதுவும் பயிர் நிற்கும் சில வாரங்களுக்கு. தவிர, உள்ளூர்ச் செல்களிடம் ஏற்கெனவே தத்தம் முடிச்சுப் பிளாஸ்மிட்டுகள் உள்ளன. வந்து சேரும் புதியது அவற்றுக்குக் கூடுதல் நன்மை எதையும் தராவிட்டால் நிலைத்திருக்கக் காரணமில்லை.

இந்தப் புரிதலுக்கு இசைவாக மற்றொரு தரவும் இருக்கிறது. பீட்டர் யங்கும் மார்கரெட் வெக்ஸ்லரும் 1988இல் வயல்களிலிருந்து எடுத்த ரைசோபியம் லெகுமினோசாரம் செல்களின் குரோமோசோம் வகையையும் முடிச்சுப் பிளாஸ்மிட் வகையையும் ஒப்பிட்டனர். பிளாஸ்மிட்டுகள் தடையின்றி உலவியிருந்தால் இரண்டுக்குமிடையே எந்தத் தொடர்பும் எஞ்சியிராது. தொடர்பு இருந்தது, அதே சமயம் ஒரே பிளாஸ்மிட் வகை வேறுவேறு குரோமோசோம்களோடும் காணப்பட்டது. பரிமாற்றம் நிகழ்ந்திருக்கிறது, ஆனால் அன்றாடம் அல்ல என்பதே இதிலிருந்து கிடைப்பது.

பெறுவதால் பெரும் நன்மை உண்டாகும் சூழல் அமைந்தால் மண்ணிலும் பரிமாற்றம் வேகமெடுக்கும் என்பதற்கு நியூசிலாந்து சான்று தருகிறது. ஒட்டாகோ பகுதியின் லாமர்மூர் மலைச்சரிவில் லோட்டஸ் என்ற தீவனப் பயறு, ஒரே ஒரு மீசோரைசோபியம் திரிபை விதையோடு சேர்த்து விதைக்கப்பட்டது. அந்த மண்ணில் லோட்டஸில் முடிச்சிடக்கூடிய பாக்டீரியா அதற்கு முன் இல்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஜான் சல்லிவனும் கிளைவ் ரான்சனும் முடிச்சுகளைத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இருந்தவை விதைத்த திரிபு அல்ல. பலவகைக் குரோமோசோம்களைக் கொண்ட உள்ளூர் மண் பாக்டீரியாக்கள், விதைத்த திரிபின் முடிச்சு மரபணுக்களைப் பெற்றுக்கொண்டிருந்தன. 1995இலும் 1998இலும் வெளியான இந்த ஆய்வுகள், நகர்ந்தது பிளாஸ்மிட் அல்ல, குரோமோசோமிலேயே பதிந்திருந்து தேவையானபோது வளையமாகப் பிரிந்து செல்லும் சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு என்று நிறுவின. அந்தத் துண்டில் முடிச்சு மரபணுக்களோடு சில வைட்டமின்களைத் தயாரிக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. அதைப் பெறாத உள்ளூர்ச் செல்களுக்கு அவ்வைட்டமின்களில் சிலவற்றைத் தாமே உண்டாக்க இயலாது. அதன் நகர்விலும் கூட்டமறிதலே ஆளுகிறது. பயிருக்குரிய முடிச்சு மரபணுத் தொகுதி ரோதம்ஸ்டெட்டில் எல்லோரிடமும் இருந்தது, லாமர்மூரில் ஒருவரிடம் மட்டும் இருந்தது. இந்த வேறுபாடே விளைவுகளின் வேறுபாட்டுக்கு முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதன் கசப்பான வடிவமும் பதிவாகியிருக்கிறது. மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட பிசெருலா என்ற தீவனப் பயறு, சார்டீனியாவில் எடுத்த ஒரு மீசோரைசோபியத்தோடு விதைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே உள்ளூர் பாக்டீரியாக்கள் முடிச்சு மரபணுக்களைப் பெற்றுவிட்டன. அவற்றில் சில, முடிச்சில் இடம்பிடிப்பதில் வல்லவையாகவும் நைட்ரஜன் தருவதில் மோசமானவையாகவும் இருந்தன. விவசாயி போட்ட நல்ல திரிபின் மரபணுக்களைக்கொண்டே அதன் இடத்தைப் பயனற்ற செல்கள் கைப்பற்றின. இங்கு நகரும் துண்டு குரோமோசோமில் மூன்று தனித்தனி இடங்களில் பிரிந்து கிடக்கிறது. நகர்வதற்கு முன் மூன்றும் கூடி ஒரே வளையமாகின்றன என்று 2016இல் தெரியவந்தது.

ரைசோபியம் உரப் பொட்டலங்களைச் சோறு வடித்த கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யும் நம் வாசகர்களுக்கு இதில் நேரடியான பொருள் உண்டு, ஆனால் பயிருக்குப் பயிர் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். நிலக்கடலை, தட்டைப்பயறு, உளுந்து ஆகியவற்றின் வேரில் பெரும்பாலும் வாழ்வது பிராடிரைசோபியம். அதன் முடிச்சு மரபணுக்கள் பொதுவாகக் குரோமோசோமில் உள்ளன, எனவே பிஆர்எல்1ஜேஐயின் கதை அங்கே அப்படியே பொருந்தாது. கொண்டைக்கடலையின் துணைவன் மீசோரைசோபியம். லாமர்மூரும் மேற்கு ஆஸ்திரேலியாவும் அதற்கே நெருக்கமானவை. ஒரு திரிபைப் பொட்டலமாக்கும் முன் அது எவ்வளவு நைட்ரஜன் தருகிறது என்று மட்டும் பார்ப்பது போதாது. அதன் முடிச்சு மரபணுக்கள் நகரக்கூடியவையா, அதை இடப்போகும் மண்ணில் அந்தப் பயிருக்குரிய ரைசோபியங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவா, அங்குள்ள செல்கள் வெளியிடும் சமிக்ஞைகள் அந்தத் திரிபின் நகர்வை எழுப்புமா என்ற மூன்றையும் அந்த மண்ணிலிருந்து எடுத்த செல்களோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். பெறுபவர் யாரென்று குறிப்பிடாத பரிமாற்ற வீதம், பிஆர்எல்1ஜேஐ போன்ற பிளாஸ்மிட்டைப் பொறுத்தவரை பாதி அளவீடுதான்.